"கீ கேக்குது தம்பி": விண்டோஸ் மறுபடி போடும் முன்னும் பின்னும்

போன குறுவை அறுப்புச் சமயம், ஒரு சாயங்காலம், அரிசி ஆலைக் கணக்குப்பிள்ளை ஒருவர் சிபியூவை யூரியா சாக்கில் சுற்றி மொபெட்டின் முன்னால் வைத்துக்கொண்டு மன்னார்குடியில் இருக்கும் என் கடைக்கு வந்தார். இறக்கி வைத்துவிட்டு, "கீ கேக்குது தம்பி" என்றார். அவ்வளவுதான், வேறு விவரம் ஒன்றும் இல்லை. வீட்டில் பையன் பெண்டிரைவ் போட்டு பார்மட் அடித்திருக்கிறான், அதிலிருந்து கீ கேட்கிறது, நாளைக்குக் கொள்முதல் பில் போட வேண்டும்.

இந்த ஒரே வாக்கியத்தோடுதான் எல்லாரும் வருகிறார்கள், ஆனால் ஆளுக்கு ஒரு வியாதி. ஒருவருக்கு விண்டோஸ் கீ, அதாவது உரிமத்துக்கான 25 எழுத்துக் குறியீடு, தொலைந்திருக்கும், ஒருவருக்கு ஆபீஸ் கீ, ஒருவருக்கு டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கரின் கீ. இன்னொருவருக்குக் கீயே தேவைப்படாது, போட்ட விண்டோஸ்தான் தப்பாக இருக்கும். கடைக்கு வருபவர்களில் இந்தக் கடைசி வகைதான் அதிகம், நம் கணக்குப்பிள்ளையும் அதே. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 2012க்குப் பிறகு விண்டோஸோடு வாங்கிய கம்பெனி லேப்டாப்போ டெஸ்க்டாப்போ என்றால், கீயைத் தேடி பீரோவைக் கலைக்காதீர்கள். அதில் முன்பு விண்டோஸின் எந்த எடிஷன் (ஹோம், ப்ரோ போன்ற வகை) இருந்தது என்பதைத் தேடுங்கள்.

விண்டோஸ் 8 வந்ததிலிருந்து கம்பெனிக்காரர்கள் கீயை ஸ்டிக்கரில் அச்சடிப்பதில்லை. மதர்போர்டில், மெஷினை முதலில் எழுப்பும் பயாஸ் சிப்புக்குள்ளேயே எழுதி அனுப்பிவிடுகிறார்கள். விண்டோஸ் போடும்போது அது தானாகவே அந்தச் சிப்பைப் படித்துக்கொள்ளும். மேலே ஒட்டியிருக்கும் சின்ன விண்டோஸ் ஸ்டிக்கர் ஒரிஜினல் என்பதற்கு அடையாளம் மட்டும்தான், அதில் 25 எழுத்துக் கீ இருக்காது. "ஸ்டிக்கர்ல நம்பரே இல்ல, ஏமாத்திட்டாங்க" என்று யாராவது சொன்னால் அவரைக் கொஞ்சம் சமாதானப்படுத்துங்கள்.

பார்மட் அடிக்கும் முன்னால்

மெஷின் இன்னும் ஆன் ஆகிறதென்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். பத்து நிமிஷம் செலவழித்தால் பிறகு ஒரு நாள் மிச்சம். விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸ், அதில் சிஸ்டம், அதில் ஆக்டிவேஷன். விண்டோஸ் 10 என்றால் செட்டிங்ஸ், அப்டேட் அண்ட் செக்யூரிட்டி, ஆக்டிவேஷன். அந்தத் திரையைப் போனில் ஒரு போட்டோ எடுங்கள். அதில் இரண்டு விஷயம் இருக்கும்: எடிஷன் பெயர், எப்படி ஆக்டிவேட் ஆகியிருக்கிறது, அதாவது உரிமம் எந்த வழியில் ஏற்கப்பட்டிருக்கிறது என்ற வரி.

எடிஷன் பெயரை ஒரு எழுத்து விடாமல் பாருங்கள். ஹோம் வேறு, ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் வேறு, ப்ரோ வேறு. நம் ஊர்க் கடைகளில் வாங்கும் லேப்டாப்புகளில் பெரும்பாலும் வருவது ஹோம் சிங்கிள் லாங்குவேஜ். பெயரைப் பார்த்ததும் "நமக்குத் தமிழும் வேணும், இங்கிலீஷும் வேணும், அதனால சிங்கிள் வேணாம்" என்று சாதா ஹோமைப் போடுபவர்கள் இருக்கிறார்கள். அது விண்டோஸின் மெனு எந்த மொழியில் தெரியும் என்பதைப் பற்றியது, தமிழ் டைப் அடிப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தமிழ்99 எல்லாவற்றிலும் ஓடும்.

அடுத்தது அந்த வரி. டிஜிட்டல் லைசென்ஸ் என்று மட்டும் இருந்தால், உரிமம் இந்த மதர்போர்டோடு கட்டப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். அதே எடிஷனை அதே மெஷினில் எத்தனை தடவை போட்டாலும் நெட் வந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகும். டிஜிட்டல் லைசென்ஸ் லிங்க்டு டு யுவர் மைக்ரோசாப்ட் அக்கவுண்ட் என்று நீளமாக இருந்தால் இன்னும் நல்லது, தனியாகப் பெட்டியாக வாங்கிய உரிமம் என்றால் நாளைக்கு போர்டு போனாலும் ஒரு வழி இருக்கும். ப்ராடக்ட் கீ என்று இருந்தால்தான் நிஜமாகவே கீயைத் தேட வேண்டிய ஆள் நீங்கள். ஆர்கனைசேஷன் என்ற வார்த்தை வந்தால், அது கல்லூரியோ கம்பெனியோ கொடுத்த மெஷினாக இருக்க வேண்டும். உங்கள் சொந்தக் காசில் வாங்கியதில் அப்படி வந்தால், முன்பு யாரோ திருட்டு ஆக்டிவேட்டர் ஓட்டியிருக்கிறார்கள். பார்மட் அடித்ததும் அந்த ஆக்டிவேஷன் போய்விடும், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

லிங்க் ஆகவில்லை என்றால் அதே பக்கத்தில் ஆட் அன் அக்கவுண்ட் இருக்கும், இப்போதே உங்கள் மெயிலைக் கொடுத்து இணைத்துவிடுங்கள். உங்கள் மெயில் என்றுதான் சொல்கிறேன். கடைப் பையனுடைய மெயிலில் போட்டுக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது, நானே ஆரம்பத்தில் அவசரத்துக்கு அப்படிச் செய்திருக்கிறேன். இரண்டு வருஷம் கழித்து அந்தப் பையன் திருப்பூருக்கு வேலைக்குப் போயிருப்பான், உங்கள் உரிமம் அவன் கணக்கில் கிடக்கும்.

இன்னொரு சின்னச் சோதனை. விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ஒரு பெட்டி வரும். அதில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்று ஐந்து எழுத்தைச் சேர்த்து அடித்து, ஒரு இடம் விட்டு, சாய்கோடு போட்டு, எக்ஸ், பாண்டிச்சேரிக்கு முதலில் வரும் பி, ஆர் என்று அடித்து என்டர் கொடுங்கள். நிரந்தரமாக ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்று வந்தால் சரி. ஏதாவது ஒரு தேதி போட்டு அதுவரைதான் என்று வந்தால் அது நிறுவனங்களுக்கு மொத்தமாகக் கொடுக்கும் வால்யூம் லைசென்ஸ். அந்த வகை 180 நாளுக்கு ஒரு முறை நிறுவனத்தின் சர்வரைத் தொட்டுப் புதுப்பிக்க வேண்டியது, வீட்டுக்கு ஆகாது.

கீயைக் கண்ணால் பார்த்தால்தான் திருப்தி என்பவர்கள் மைக்ரோசாப்ட் ஸ்டோரில் ஷோகீப்ளஸ் என்ற இலவசக் கருவியைப் போட்டுப் பாருங்கள். அதில் இன்ஸ்டால்டு கீ, ஓஈஎம் கீ என்று இரண்டு வரும். ஓஈஎம், அதாவது மெஷினைத் தயாரித்த கம்பெனி போட்டது, என்று வருவதுதான் பயாஸில் இருப்பது, அது எந்த எடிஷனுக்கானது என்றும் பக்கத்தில் காட்டும். இன்ஸ்டால்டு கீயைப் பார்த்து ஏமாற வேண்டாம். விண்டோஸ் 10 ப்ரோ வைத்திருக்கும் பலர் கடைசி ஐந்தெழுத்து 3வி66டி (திருச்சிக்கு வரும் டி) என்று முடியும் கீயை நோட்டில் பத்திரமாக எழுதி வைத்திருக்கிறார்கள். டிஜிட்டல் லைசென்ஸ் உள்ள எல்லா ப்ரோவிலும் அதே கீதான் காட்டும், உலகம் பூராவும். பொதுக் கீ அது, தனியாக அதை வைத்து எதையும் ஆக்டிவேட் பண்ண முடியாது.

இதெல்லாம் பார்த்த பிறகு ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: பெண்டிரைவ் அவசியமா? மெஷின் ஸ்லோ, வைரஸ், ஏதோ குழப்பம் என்பதற்காக மட்டும்தான் என்றால் செட்டிங்ஸில் ரெக்கவரி என்ற இடத்தில் ரீசெட் திஸ் பிசி இருக்கிறது. அது இருக்கும் எடிஷனையே திரும்பப் போடும், கீயும் கேட்காது. என்ன, கடைக்காரனுக்கு வருமானம் இல்லை.

போடும்போது

பெண்டிரைவ்தான் என்றால் 8 ஜிபி போதும். மைக்ரோசாப்ட் தளத்தில் மீடியா கிரியேஷன் டூல் இருக்கிறது, அதை வைத்து நீங்களே தயாரித்துக்கொள்ளுங்கள். அடுத்த வீட்டுப் பையனிடம், ஜெராக்ஸ் கடையில், நண்பனிடம் என்று கைமாறி வரும் பெண்டிரைவைத் தொடாதீர்கள், பாதிப் பிரச்சினை அதிலிருந்துதான் கிளம்புகிறது. கணக்குப்பிள்ளை பையன் வைத்திருந்த பெண்டிரைவில் சோர்ஸஸ் என்ற போல்டருக்குள் ஈஐ டாட் சிஎஃப்ஜி என்று ஒரு குட்டிக் கோப்பு இருந்தது. நோட்பேடில் திறந்தால் நாலைந்து வரி. "பயாஸ் என்ன சொன்னாலும் கேட்காதே, ப்ரோவைப் போடு" என்று விண்டோஸுக்கு உத்தரவு போடும் கோப்பு அது. மெஷினுக்குள் இருந்ததோ ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் கீ. ப்ரோ ஏறிவிட்டது, பயாஸில் உள்ள கீ ப்ரோவுக்குப் பொருந்தவில்லை, கீ கேட்க ஆரம்பித்துவிட்டது. பூட்டை மாற்றிவிட்டுப் பழைய சாவியைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

ப்ரோவை அப்படியே ஹோமாக இறக்க முடியாது, மறுபடி போட்டுத்தான் ஆக வேண்டும். புதுப் பெண்டிரைவ் தயாரித்து, அந்தக் கோப்பு இல்லாமல் போட்டதும், எந்த எடிஷன் வேண்டும் என்று கேட்கக்கூட இல்லை, தானாகவே ஹோம் சிங்கிள் லாங்குவேஜை எடுத்துக்கொண்டது. என் போனை யூஎஸ்பியில் மாட்டி நெட் கொடுத்தேன். அவர் எதிர்க் கடையில் டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஆக்டிவேட்டட். "கீ போட்டியா?" என்றார். போடவில்லை என்றால் நம்பவில்லை.

போனை மாட்டியது ஏன் என்றால், புதிதாக விண்டோஸ் ஏறியதும் வைஃபை டிரைவர் சில மெஷினில் இருக்காது. நெட் இல்லாமல் ஆக்டிவேஷன் நடக்காது, அதைப் பார்த்துக் கீ பிரச்சினை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். யூஎஸ்பி டெதரிங் ஆன் பண்ணி ஐந்து நிமிஷம் விட்டுப் பாருங்கள்.

நடுவில் ப்ராடக்ட் கீ கேட்கும் திரை வந்தால் கீழே ஐ டோன்ட் ஹேவ் எ ப்ராடக்ட் கீ என்று ஒரு இணைப்பு சின்ன எழுத்தில் இருக்கும். அதைத் தட்டலாம், ஒன்றும் ஆகாது. அடுத்து எடிஷன் பட்டியல் வரும். இங்கேதான் கவனம் வேண்டும், முன்பு போட்டோ எடுத்த பெயரைப் பார்த்து அதையே தேர்ந்தெடுங்கள். "ப்ரோதானே பெருசு, அதையே போடுவோம்" என்று கை போகும். போக விடாதீர்கள்.

கீ கேட்கும் முன்பே, கொடுத்த கீ இந்த இமேஜ்களில் எதற்கும் பொருந்தவில்லை என்று சொல்லி நின்றுவிட்டால், அதுவும் இதே கதைதான். நீங்கள் எந்தக் கீயும் கொடுத்திருக்க மாட்டீர்கள், பயாஸ் கொடுத்திருக்கும். பெண்டிரைவை மாற்றுங்கள்.

அப்புறம், ஆக்டிவேட் ஆகவில்லை என்று ராத்திரி தூக்கம் கெட வேண்டியதில்லை. விண்டோஸ் 10, 11 இரண்டும் ஆக்டிவேட் ஆகாவிட்டாலும் ஓடும். வலது மூலையில் எழுத்து மங்கலாகத் தெரியும், வால்பேப்பர் மாற்ற விடாது. நாளைக்கு பில் போட வேண்டும் என்ற அவசரத்தில் கண்ட இடத்தில் கீ வாங்கி மாட்டிக்கொள்ளாமல், பில்லை முடித்துவிட்டு நிதானமாக உரிமத்தைச் சரி பண்ணலாம்.

ஸ்டிக்கரில் கீ இருக்கும் பழைய மெஷின்கள்

விண்டோஸ் 7 காலத்து மெஷின் இன்னும் நம் பக்கம் நிறைய இருக்கிறது. எடைமேடை, உரக்கடை, ரைஸ் மில் எல்லாம் அதில்தான் ஓடுகிறது. மைக்ரோசாப்ட் 2020 ஜனவரி 14ஆம் தேதியோடு அதை விட்டுவிட்டது, நெட்டில் வைத்துப் பேங்க் வேலை பார்க்க வேண்டாம். ஆனால் எடைமேடை மென்பொருள் அதில்தான் ஓடும் என்றால் என்ன செய்வது, திரும்பப் போட்டுத்தான் ஆக வேண்டும். இதற்குக் கீ ஸ்டிக்கரில்தான் இருக்கிறது. சிபியூவின் பக்கவாட்டில், லேப்டாப்பின் அடியில், சிலவற்றில் பேட்டரியைக் கழற்றினால் உள்ளே.

இங்கே ஒரு எச்சரிக்கை. கருவி வைத்துப் பழைய விண்டோஸ் 7இல் இருந்து கீயை எடுத்து எழுதி வைத்துக்கொண்டால் போதும் என்று நினைக்காதீர்கள். கம்பெனி மெஷினில் அப்படி எடுத்தால் பெரும்பாலும் அந்தக் கம்பெனி தன் மெஷின்கள் அத்தனைக்கும் பொதுவாகப் போட்ட கீதான் வரும், ஸ்டிக்கரில் இருப்பது வேறாக இருக்கும். திரும்பப் போட்டால் வேலை செய்வது ஸ்டிக்கர் கீ. அதோடு ஸ்டிக்கரில் ஹோம் பேசிக் என்று இருந்தால் ஹோம் பேசிக்தான், ஹோம் பிரீமியம் டிவிடி போட்டால் அது சேராது.

ஸ்டிக்கர் அழிந்திருக்கும். ஆலைச் சிபியூ என்றால் தவிட்டுத் தூசியும் எண்ணெய்க் கையும் சேர்ந்து ஒரு படலமே பிடித்திருக்கும். கடை ஆரம்பித்த புதிதில் அப்படி ஒன்றைத் தின்னர் தொட்டுத் துணியால் நன்றாகத் துடைத்தேன். அழுக்கு போனது, எழுத்தும் கூடவே போனது, முதல் இரண்டு குழுதான் மிஞ்சியது. அன்றையிலிருந்து ஸ்டிக்கரை ஈரத்தால் தொடுவதில்லை. காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிட்டு, விளக்கை அணைத்து, போன் டார்ச்சை ஸ்டிக்கருக்கு நேராக அடிக்காமல் பக்கவாட்டில் படுக்கப் போட்டு இன்னொரு போனில் போட்டோ எடுக்கிறேன். மை போயிருந்தாலும் சில சமயம் தடம் இருக்கும், சாய்ந்த வெளிச்சத்தில் அது தெரியும். போட்டோவைக் கறுப்பு வெள்ளையாக்கி கான்ட்ராஸ்டை ஏற்றினால் இன்னும் இரண்டெழுத்து கிடைக்கும்.

மிச்சத்துக்கு இந்தக் கணக்கு உதவும். விண்டோஸ் கீ 25 எழுத்து, ஐந்து ஐந்தாக ஐந்து குழு. ஆனால் எல்லா எழுத்தும் அதில் வராது. எண்களில் 0, 1, 5 மூன்றும் வராது. ஆங்கில உயிரெழுத்து ஐந்தும் வராது. எல், எஸ், இசட் வராது. எண் எழுத்து கலந்து மொத்தம் 24தான் புழக்கத்தில் உண்டு. விண்டோஸ் 8இல் இருந்து என் எழுத்தும் சேர்ந்துகொண்டது, 7இன் ஸ்டிக்கரில் அதுவும் கிடையாது. இது தெரிந்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்தது. வட்டமாகத் தெரிவது சைபரோ ஓவோ அல்ல, வால் அழிந்த க்யூ, இல்லாவிட்டால் டெல்லி டி. இசட் போலத் தெரிந்தால் 2. யூ போலத் தெரிந்தால் வி. ஈ போலத் தெரிந்தால் எஃப் அல்லது பாம்பே பி. உண்மையிலேயே குழப்புவது இரண்டு ஜோடிதான்: 8க்கும் பாம்பே பிக்கும், 6க்கும் ஜிக்கும். இரண்டுமே கீயில் வரக்கூடியவை, இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டியதுதான். அப்படிச் சந்தேகம் இரண்டு இடத்தில் இருந்தால் நாலு தடவை அடித்துப் பார்த்தால் முடிந்தது, அலுத்துக்கொள்ளாதீர்கள்.

போனில் கீ வாங்கும்போது இன்னொரு தொல்லை. நம் வாயில் பி ஒன்றுதான், டி ஒன்றுதான். திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒருவர் "பி, டி, பி, டி" என்று படித்தால் நான் என்னத்தை எழுதுவது? அதனால் என் கடையில் ஒரு வாய்ப்பாடு: பாம்பே பி, பாண்டிச்சேரி பி. டெல்லி டி, திருச்சி டி. குஜராத் ஜி, ஜப்பான் ஜே. மதுரை எம். வேலூர் வி. போனில் சொல்வதைவிட வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்புவது மேல், ஆனால் சில பெரியவர்களுக்கு வாய்தான் வசதி, அவர்களோடு டெல்லி, திருச்சி, பாண்டிச்சேரி என்று ஊர் சுற்றி வருவது ஒரு சுகம்தான்.

விண்டோஸ் 7 ஸ்டிக்கர் கீயை வைத்து விண்டோஸ் 10 ஆக்டிவேட் பண்ணும் வழி நெடுநாள் திறந்தே கிடந்தது. 2023 செப்டம்பரில் மைக்ரோசாப்ட் அதை மூடிவிட்டது. பழைய வீடியோவைப் பார்த்து இன்றைக்கு அதை முயற்சி பண்ணாதீர்கள். ஆனால் அதற்கு முன்பே அந்த மெஷினில் 10 ஏறி ஆக்டிவேட் ஆகியிருந்தால் அந்த டிஜிட்டல் லைசென்ஸ் அப்படியேதான் இருக்கிறது, திரும்பப் போட்டால் ஆக்டிவேட் ஆகும். விண்டோஸ் 10க்கே 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு ஆதரவு முடிந்துவிட்டது என்பது வேறு விஷயம். மெஷின் 11க்குத் தகுதியானது என்றால் அதே எடிஷனில் 11 போட்டுக்கொள்ளலாம், 10இன் உரிமமே அதற்கும் செல்லும்.

போர்டு மாற்றினால்

வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் இருந்து வரும் மெஷின்களைத் திறந்தாலே தெரியும், உப்புக் காற்றில் போர்டின் கால்கள் பச்சை பூத்திருக்கும். ஐப்பசி கார்த்திகையில் இடியும் சேர்ந்துகொண்டால் போர்டு போவது சகஜம். கஜா புயல் அடித்த 2018 நவம்பருக்குப் பிறகு எனக்கு ஒரு மாதம் போர்டு மாற்றும் வேலைதான்.

போர்டு மாறினால் மைக்ரோசாப்ட் கணக்கில் அது வேறு கம்ப்யூட்டர். லேப்டாப்போடு வந்த ஓஈஎம் உரிமம் பழைய போர்டோடு போனது போனதுதான். வாரண்டியில் கம்பெனி சர்வீஸ் சென்டர் மாற்றினால் அவர்களே புதுப் போர்டில் சரி பண்ணிக் கொடுக்க வேண்டும், டெலிவரி எடுக்கும்போதே ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், வீட்டுக்கு வந்து பார்த்தால் திரும்பத் தஞ்சாவூருக்கு ஓட வேண்டும். வெளிக் கடையில் பழைய போர்டு வாங்கிப் போட்டிருந்தால் ஒரு வேடிக்கை நடக்கும்: அந்தப் போர்டுக்குள் அதன் பழைய மெஷினின் கீ இருக்கும், அந்த எடிஷனைப் போட்டால் அதுவே ஆக்டிவேட் ஆகிவிடும். ஷோகீப்ளஸில் பாருங்கள்.

தனியாகக் கடையில் பெட்டியாக வாங்கிய ரீடெயில் உரிமம் என்றால் வேறு மெஷினுக்கு மாற்றிக்கொள்ளலாம், ஒரு நேரத்தில் ஒரு மெஷின். மைக்ரோசாப்ட் அக்கவுண்டோடு இணைத்திருந்தவர்கள் ஆக்டிவேஷன் பக்கத்தில் ட்ரபிள்ஷூட் தட்டி, சமீபத்தில் ஹார்டுவேர் மாற்றினேன் என்ற வரியைத் தேர்ந்தெடுத்து, உள்ளே நுழைந்து பட்டியலில் தங்கள் மெஷினைக் காட்டினால் ரீடெயிலுக்கு வேலை நடக்கும். நான் முன்னால் மெயிலை இணையுங்கள் என்று அடித்துக்கொண்டது இதற்குத்தான்.

பிழை எண் வந்தால் கடைசி நாலெழுத்தைப் பாருங்கள், அது போதும். எஃப்213 என்றால் இந்த மெஷினுக்கு உரிமமே கிடைக்கவில்லை, போர்டு மாற்றியிருப்பீர்கள் அல்லது எடிஷன் தப்பு. எஃப்050 என்றால் கீயைத் தப்பாக அடித்திருக்கிறீர்கள், மேலே சொன்ன 8, பாம்பே பி சமாசாரம். சி008 என்றால் அந்தக் கீ வேறு மெஷினில் ஏற்கெனவே பயன்பட்டுவிட்டது. சி003 என்றால் கீயை முடக்கிவிட்டார்கள். எஃப்074 அல்லது 232 என்று வந்து முடிவில் பாம்பே பி நின்றால், உங்கள் மெஷினில் ஏறியிருப்பது கம்பெனிகளுக்கான வால்யூம் விண்டோஸ், அது இல்லாத சர்வரைத் தேடிக்கொண்டிருக்கிறது. கடைசி வகைக்கு எந்தக் கீயும் மருந்தல்ல, சரியான பெண்டிரைவ்தான் மருந்து.

எண்ணைப் பார்க்கும் முன் கடிகாரத்தையும் பாருங்கள். ஆறு மாதம் பூட்டிக் கிடந்த சிபியூவில் காசு அளவு பேட்டரி செத்திருக்கும், தேதி ஏதோ ஒரு பழைய வருஷத்தில் நிற்கும். தேதி தப்பாக இருந்தால் மைக்ரோசாப்ட் சர்வரோடு பாதுகாப்பான இணைப்பே கிடைக்காது, ஆக்டிவேஷன் தோற்கும். சிஆர்2032 ஒன்று வாங்கிப் போட்டுத் தேதியைச் சரி செய்ததும் சரியான கதைகள் என்னிடம் நிறைய.

முந்நூறு ஐந்நூறுக்கு நெட்டில் விற்கும் கீ பற்றிக் கேட்பீர்கள். வாங்காதீர்கள். அதில் பல, ஏதோ ஒரு நிறுவனத்தின் வால்யூம் கீயை ஆளாளுக்குப் பிரித்து விற்பது. இன்றைக்கு ஆக்டிவேட் ஆகும், விற்றவனுக்கு நல்ல ரேட்டிங்கும் கொடுப்பீர்கள், பிறகு ஒரு நாள் சி003 வரும். ஆக்டிவேட்டர் மென்பொருள் அதைவிட மோசம், ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஓட்டச் சொல்லும் எதையும் பேங்க் பாஸ்வேர்டு அடிக்கும் மெஷினில் ஏன் ஓட்ட வேண்டும்? காசு செலவழிக்க மனமில்லை, டைப்பிங்கும் நெட்டும்தான் வேலை என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளுங்கள், கீ என்ற பேச்சே இல்லை.

48 எண் கேட்டால் அது வேறு கீ

திருவாரூரில் படிக்கும் பெண்ணின் லேப்டாப்பை அவள் அப்பா கொண்டுவந்தார், கூடவே லேப்டாப் வந்த அட்டைப்பெட்டி, பில், வாரண்டி கார்டு எல்லாம். "கீ கேக்குதுன்னா, பெட்டில இருக்குற நம்பர் எல்லாத்தையும் போட்டுப் பாத்துட்டா" என்றார். ஆன் பண்ணினால் நீலத் திரை, பிட்லாக்கர் ரெக்கவரி. இது விண்டோஸ் உரிமத்துக்கான கீ அல்ல, டிஸ்க்கைப் பூட்டிய சாவி. 25 எழுத்து கேட்டால் உரிமம், 48 எண் கேட்டால் பூட்டு. ஆறு ஆறாக எட்டுக் குழு. பெட்டியில், பில்லில், எங்கும் இருக்காது.

மைக்ரோசாப்ட் அக்கவுண்டில் நுழைந்து விண்டோஸ் 11ஐ ஆரம்பிக்கும்போது பல லேப்டாப்புகளில் டிஸ்க் தானாகவே பூட்டிக்கொள்கிறது, யாரும் கவனிப்பதில்லை. பயாஸ் அப்டேட் ஆனாலோ, போர்டு மாறினாலோ சாவி கேட்கும். சாவி அந்த அக்கவுண்டிலேயே சேமித்து இருக்கும், வேறு போனில் அதே மெயிலில் நுழைந்து டிவைசஸ் பகுதியில் பாருங்கள். அந்தப் பெண்ணின் சொந்த மெயிலில் இல்லை, கல்லூரி கொடுத்த மெயிலில் நுழைந்திருக்கிறாள், அங்கே இருந்தது. திரையில் ஒரு கீ ஐடி காட்டும், பட்டியலில் அதே ஐடி உள்ள வரிசையைத்தான் எடுக்க வேண்டும்.

சாவி எங்கும் கிடைக்கவில்லை என்றால் உள்ளே இருக்கும் போட்டோவும் பிராஜக்டும் போனது போனதுதான், எந்தக் கடைக்காரன் எடுத்துத் தருகிறேன் என்றாலும் நம்பாதீர்கள். லேப்டாப் போகாது. டிஸ்க்கை அழித்து மறுபடி விண்டோஸ் போட்டால், உரிமம் பயாஸில் இருப்பதால் கீ கேட்காமலே ஆக்டிவேட் ஆகும்.

ஆபீஸ் கதை சுருக்கம். விண்டோஸ் ஆக்டிவேட் ஆனால் வேர்டும் எக்செலும் கூடவே வரும் என்பதில்லை, அது தனி உரிமம். லேப்டாப்போடு வந்த ஆபீஸ் முதல் தடவை எந்த மெயிலில் சேர்த்தீர்களோ அந்த மெயிலில் இருக்கிறது, அதில் நுழைந்து திரும்ப இறக்கிக்கொள்ளலாம். பார்மட் அடிக்கும் முன் வேர்டில் ஃபைல், அக்கவுண்ட் போய் அந்த மெயில் எது என்று பார்த்துவிடுங்கள்.

டேலி கணக்கு மென்பொருள் வைத்திருப்பவர்கள் பார்மட்டுக்கு முன் டேலிக்குள் போய் லைசென்ஸை சரண்டர் பண்ணுங்கள், டேட்டாவையும் பேக்கப் எடுங்கள். கணக்குப்பிள்ளையின் பையன் இரண்டையும் செய்யவில்லை. டேட்டா நல்லவேளையாக டி டிரைவில் இருந்தது. லைசென்ஸுக்கு டேலி சீரியல் நம்பரும் முதலாளியின் மெயிலும் வேண்டும், முதலாளி நெல் விஷயமாகக் கும்பகோணம் போயிருந்தார், ஓடிபி அவர் போனுக்குத்தான் வரும். ராத்திரி ஒன்பதரைக்கு அவர் திரும்பக் கூப்பிட்டு ஆறு எண்ணைச் சொன்ன பிறகுதான் அன்றைய வேலை முடிந்தது.

சிபியூவைத் திரும்பச் சாக்கில் சுற்றும் முன் பக்கத் தகட்டைக் கழற்றி, உள்பக்கத்தில் பெர்மனென்ட் மார்க்கரால் எழுதினேன்: ஹோம் சிங்கிள் லாங்குவேஜ், கீ வேண்டாம், விண்டோஸுக்குப் பையன் மெயில், டேலிக்கு முதலாளி மெயில். கணக்குப்பிள்ளை கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டு, அதற்குக் கீழே தேதி போடச் சொன்னார். போட்டேன்.